பல்கலைக்கழகத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழக உதவி மையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எனக்குக் குறைபார்வை. மாணவனாக இருந்தபோது இதே மாதிரி ஒரு மையத்தின் வாசலை ஒரு பருவம் முழுக்கக் கடந்து போயிருக்கிறேன், உள்ளே நுழைந்ததில்லை. கீழே உள்ள கேள்விகளில் பல மாணவர்கள் என்னிடம் கேட்டவை. சில, அன்றைக்கு நான் கேட்காமல் விட்டவை.

எனக்கு ஊனம் என்று சொல்லும் அளவுக்கு ஒன்றும் இல்லை. நான் வரலாமா?

தாராளமாக வரலாம். சக்கர நாற்காலியும் வெள்ளைக்கோலும் கண்ணுக்குத் தெரிகிறவை. எங்களிடம் வரும் பலருக்கு வெளியே எதுவும் தெரியாது. டிஸ்லெக்சியா (எழுத்தைப் படிப்பதில் வரும் சிரமம்), ஏ.டி.எச்.டி. (கவனத்தை நிறுத்துவதில் வரும் சிரமம்), ஆட்டிசம், வலிப்பு, முதல் வகை நீரிழிவு, மனச்சோர்வு, மூட்டுவாதம் என்று வருவார்கள். இரவில் போடும் மாத்திரையால் காலை வகுப்புக்கு எழுந்திருக்க முடியாதவர்களும் வருவார்கள். கை முறிந்து மாவுக்கட்டு போட்டவருக்குக்கூடப் பல இடங்களில் கட்டுப் பிரிக்கும்வரை தற்காலிக ஏற்பாடு உண்டு.

சான்றிதழில் உள்ள சதவீதத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தியாவில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. உயர்கல்விச் சேர்க்கையில் 5 சதவீத இட ஒதுக்கீடு பெற, குறைபாடு குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும். அது சேர்க்கைக்கான கணக்கு. எழுத முற்பட்டால் கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வில் ஸ்கிரைப் (சொல்லச் சொல்ல எழுதித் தருபவர்) கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 40 சதவீதம் இல்லை என்பதைக் காட்டி அவருக்கு மறுக்க முடியாது என்று 2021இல் தீர்ப்பானது. ஆகவே சேர்க்கைக்கான கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, தேர்வில் வசதி கிடைக்காது என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

பள்ளியில் எல்லாம் செய்து கொடுத்தார்கள். இங்கே தானாகத் தொடராதா?

தொடராது. புதிதாகச் சேர்கிறவர்கள் தடுக்கி விழுகிற முதல் இடம் இதுதான். பள்ளியில் ஆசிரியருக்கு உங்களைத் தெரியும், அம்மா வந்து பேசியிருப்பார், வசதி உங்களைத் தேடி வந்திருக்கும். பல்கலைக்கழகத்தில் நீங்கள் போய்ச் சொன்னால்தான் உங்களுக்கு ஒரு தேவை இருப்பதே மற்றவர்களுக்குத் தெரியும். சேர்க்கைப் படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் அடித்திருந்தாலும் அந்தத் தகவல் பெரும்பாலும் சேர்க்கைப் பிரிவோடு நின்றுவிடும். தனியாகப் பதிவு செய்தே ஆக வேண்டும்.

எப்போது வந்து சொல்வது? முதலில் சமாளித்துப் பார்க்கலாமே?

சேர்க்கை உறுதியானதும், வகுப்பு தொடங்குவதற்கு முன்பே. சைகை மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது, புத்தகத்தை பிரெயிலில் மாற்றுவது எல்லாம் வாரக் கணக்கில் ஆகிற வேலை.

நானும் "சமாளித்துப் பார்க்கலாம்" என்றுதான் இருந்தேன். முதல் வரிசையில் உட்கார்ந்தேன், அப்படியும் பலகையில் இருந்த 8 எனக்கு 3 ஆகத் தெரிந்தது. பக்கத்தில் இருப்பவனின் நோட்டைப் பார்த்து எழுதினேன், அவன் கையெழுத்து அதைவிட மோசம். புள்ளியியல் தேர்வில் வினாத்தாளில் இருந்த அட்டவணையைத் தப்பாகப் படித்து, தப்பான எண்களுக்கு மிகச் சரியாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். மதிப்பெண் வந்த பிறகுதான் மையத்துக்குப் போனேன். "அடுத்த தேர்விலிருந்து செய்து தருகிறோம், முடிந்துபோனதை மாற்ற முடியாது" என்றார்கள். பெரும்பாலான இடங்களில் விதி அதுதான். வசதி முன்தேதியிட்டுக் கிடைக்காது.

அதனால், தேவைப்படுமா என்று சந்தேகமாக இருந்தாலும் பதிவு செய்து வையுங்கள். பதிவு செய்துவிட்டுப் பயன்படுத்தாமல் இருந்தால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

முதல் சந்திப்பில் என்ன கேட்பார்கள்? என்ன கொண்டு வர வேண்டும்?

மருத்துவச் சான்று, அடையாள அட்டை, பள்ளியில் ஏதாவது சலுகை பெற்றிருந்தால் அதற்கான கடிதம். டிஸ்லெக்சியா போன்றவற்றுக்கு உளவியலாளரின் மதிப்பீட்டு அறிக்கை கேட்பார்கள். சின்ன வயதில் எடுத்ததாக இருந்தால் புதிதாக எடுக்கச் சொல்லும் இடங்களும் உண்டு. கையில் எதுவும் இல்லாவிட்டாலும் முதல் பேச்சுக்கு வாருங்கள், எதை எங்கே வாங்குவது என்று சொல்லித் தருவார்கள்.

காகிதத்தைவிட முக்கியம், என்ன பேசுகிறீர்கள் என்பது. நோயின் பெயரைச் சொன்னால் எங்களுக்குப் பாதிதான் புரியும். ஒரே மாதிரி சான்றிதழ் வைத்திருக்கும் இரண்டு பேருக்குத் தேவை ஒரே மாதிரி இருந்து நான் பார்த்ததில்லை. உங்கள் ஒரு நாளைச் சொல்லுங்கள், எந்த இடத்தில் என்ன நின்றுபோகிறது என்று. "எனக்குக் குறைபார்வை" என்று மட்டும் நான் சொன்னபோது வினாத்தாளை ஏ3 தாளில் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்கள். தாள் மேசையைவிட அகலம். ஒரு கேள்வியின் ஆரம்பத்தைப் படிக்க இடப்பக்கம் இழுத்து, முடிவைப் படிக்க வலப்பக்கம் இழுத்து, நடுவில் விடைத்தாள் கீழே விழுந்தது. எழுத்து பெரிதாகத்தான் இருந்தது, ஜெராக்ஸில் வெளிறியும் போயிருந்தது. அடுத்த முறை போய், "கோப்பிலேயே எழுத்தை 18 புள்ளிக்கு மாற்றி, சாதாரண ஏ4 தாளில், கறுப்பாக அச்செடுங்கள்" என்றேன். அவர்களுக்கு வேலை குறைந்தது, எனக்குத் தேர்வு எழுத முடிந்தது.

என் நோய் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடுமா?

தெரியாது, தெரியவும் கூடாது. ஆசிரியருக்குப் போகும் கடிதத்தில் பொதுவாக "இந்த மாணவருக்குத் தேர்வில் கூடுதல் நேரமும் தனி அறையும் தர வேண்டும்" என்ற அளவில்தான் இருக்கும். காரணம் இருக்காது. அறிக்கைகள் மையத்தோடு நிற்கும். ஆசிரியர் ஆர்வத்தில் "உனக்கு என்னப்பா பிரச்சினை?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. "மையத்தில் விவரம் இருக்கிறது சார்" என்றால் போதும்.

வலிப்பு மாதிரி திடீரென்று வரக்கூடியது என்றால் மட்டும், வந்தால் என்ன செய்வது என்று ஆய்வக உதவியாளர், விடுதி அறைத்தோழர் போன்ற ஓரிருவருக்காவது சொல்லி வையுங்கள் என்பேன். அதுவும் உங்கள் விருப்பம்தான்.

தேர்வில் எவ்வளவு நேரம் கூடுதலாகக் கிடைக்கும்? அது மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா?

இந்தியாவில் அரசு வழிகாட்டுதல் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம், அதாவது 3 மணி நேரத் தேர்வுக்கு 1 மணி நேரம். பிரிட்டனில் 25 சதவீதம் சாதாரணமாகத் தருவது, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒன்றரை மடங்கு. தேவையைப் பொறுத்து இதற்கு மேலும் போகும்.

அநியாயமா என்ற கேள்வியை வெளியே இருப்பவர்களைவிட வசதி கேட்கும் மாணவர்களே அதிகம் கேட்கிறார்கள், அதுவும் குற்ற உணர்வோடு. பிரெயிலில் வினாத்தாளைப் படிக்கிறவர் கேள்வியின் முதல் பகுதிக்குத் திரும்பிப் போக வேண்டுமென்றால் விரலால் வரி வரியாகத் தேட வேண்டும். கண்ணால் பார்ப்பவர் ஒரு பார்வையில் போய்விடுவார். மணிக்கு அந்த 20 நிமிடம் இந்தத் தேடலிலேயே கரைந்துவிடும். யோசிப்பதற்கு மிச்சமிருக்கும் நேரம் இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கேள்வி மாறவில்லை, திருத்தும் முறை மாறவில்லை, தேறுவதற்கான மதிப்பெண்ணும் மாறவில்லை.

நேரம் ஒன்றே மருந்து என்று நினைக்கவும் வேண்டாம். முதுகுத்தண்டில் வலி உள்ளவருக்குக் கூடுதல் 1 மணி நேரம் என்பது கூடுதலாக 1 மணி நேரம் வலி. அவருக்கு வேண்டியது கடிகாரம் நிற்கும் இடைவேளை. நடுவில் எழுந்து நடக்கலாம், அந்த நிமிடங்கள் தேர்வு நேரத்தில் சேராது. நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை பார்க்கும் கருவியை உள்ளே கொண்டுபோக அனுமதி வேண்டும். சிலருக்கு வேண்டியது சத்தமில்லாத அறை, அவ்வளவுதான்.

ஸ்கிரைப் வைத்து எழுதுவதில் என்ன கவனிக்க வேண்டும்?

பழக்கம். நீங்கள் சொல்ல ஒருவர் எழுதுவது கேட்கச் சுலபம். கணிதத்தில் "ஏ கூட்டல் பி வகுத்தல் சி" என்று சொல்லிப் பாருங்கள். பி மட்டும் சியால் வகுபடுகிறதா, ஏயும் பியும் சேர்ந்து வகுபடுகின்றனவா? ஸ்கிரைப் ஒரு முடிவுக்கு வந்து எழுதிவிடுவார், மதிப்பெண் போவது உங்களுக்கு. "அடைப்புக்குறி திற, ஏ கூட்டல் பி, அடைப்புக்குறி மூடு, அதன் கீழ் சி" என்று சொல்லும் முறையை முன்பே இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். தேர்வன்று காலையில் முதல் தடவையாக முகம் பார்த்துக்கொள்வது நல்லதற்கில்லை. இரண்டு நாள் முன்பாவது சந்திக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு பழைய வினாத்தாளை வைத்து ஒத்திகை பாருங்கள்.

தட்டச்சு வருமென்றால் கணினியில் நீங்களே எழுதுவது நல்லது என்பது என் கட்சி. யார் தயவும் வேண்டாம். ஸ்கிரைப் கடைசி நேரத்தில் வராமல் போய், தேர்வு தொடங்கி அரை மணி நேரம் கழித்து மாற்று ஆள் கிடைத்த கதை எங்கள் மையத்திலேயே நடந்திருக்கிறது.

புத்தகங்களை எப்படிப் படிப்பது?

ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள் திரையில் உள்ளதைக் குரலாகவோ பிரெயிலாகவோ தரும். விண்டோஸுக்கான என்.வி.டி.ஏ. இலவசம். ஆஸ்திரேலியாவில் 2006இல் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கியது, தமிழும் படிக்கும். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் ஏற்கெனவே உள்ளேயே இருக்கின்றன.

மென்பொருள் இருந்தால் மட்டும் போதாது, கோப்பு சரியாக இருக்க வேண்டும். புத்தகத்தைப் போனில் படம் பிடித்து பி.டி.எஃப். ஆக அனுப்பினால் அது படம். ஸ்கிரீன் ரீடர் அதைத் திறந்ததும் "காலிப் பக்கம்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். எளிய சோதனை ஒன்று உண்டு. கோப்பில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அது படம், எழுத்தாக மாற்றித் தரச் சொல்லி மையத்தில் கொடுங்கள். பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இன்னொரு தலைவலி. எழுத்தாகத்தான் இருக்கும், ஆனால் யூனிகோட் என்ற பொது எழுத்துக் குறியீட்டில் இல்லாததால் வாசிக்கும்போது ஆங்கில எழுத்துகளின் குப்பை கேட்கும். அதற்கும் மாற்றிகள் இருக்கின்றன.

பதிப்புரிமை பயம் வேண்டாம். அச்சைப் படிக்க முடியாதவர்களுக்காக, உரிமையாளரிடம் அனுமதி கேட்காமலே புத்தகத்தை ஏற்ற வடிவில் மாற்றிக்கொள்ள வழி செய்யும் மராக்கேஷ் ஒப்பந்தம் 2013இல் வந்தது, 2016 முதல் நடப்பில் இருக்கிறது. முதலில் ஏற்ற நாடு இந்தியா. டிஸ்லெக்சியா உள்ளவர்களும், புத்தகத்தைக் கையில் பிடிக்க முடியாதவர்களும் இதில் அடக்கம். இது பலருக்குத் தெரிவதில்லை.

காது கேளாத மாணவர்களுக்கு என்ன இருக்கிறது?

சைகை மொழிபெயர்ப்பாளர், பேசப் பேச எழுத்தாகத் திரையில் ஓடும் நேரடி வசனம், குறிப்பெடுத்துத் தரும் சக மாணவர், ஆசிரியரின் மைக்கிலிருந்து காதுக் கருவிக்கு நேராக ஒலியை அனுப்பும் கருவிகள். சைகை மொழி உலகம் முழுக்க ஒன்று என்று நினைப்பது தவறு. இந்திய சைகை மொழி வேறு, அமெரிக்க சைகை மொழி வேறு. இரண்டு நாட்டிலும் ஆங்கிலம் பேசினாலும் பிரிட்டனின் சைகை மொழி அமெரிக்கர்களுக்குப் புரியாது. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்கள் இதை முன்பே கேட்டு வைக்க வேண்டும். சைகையே தெரியாமல் உதடு பார்த்துப் பழகியவர்களும் நிறைய உண்டு. அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளரை நிறுத்தினால் பயன் இல்லை, எழுத்துதான் வேண்டும்.

கட்டடத்துக்குள் சக்கர நாற்காலி போகுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

போய்ப் பாருங்கள், முடிந்தால் உங்கள் நாற்காலியோடு. "ரேம்ப் இருக்கிறது" என்ற பதிலை நம்பாதீர்கள். 1 அடி ஏற வேண்டுமென்றால் சாய்தளம் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றும் அளவு. மூன்று படிக்கட்டு மேல் ஒரு பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு ரேம்ப் என்று சொல்லும் இடங்கள் உண்டு. அதில் ஏறுவது மலையேற்றம், இறங்குவது அதைவிட ஆபத்து. லிப்ட் இருந்தால் அதன் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார் என்று கேளுங்கள். மாற்றுத்திறனாளிக் கழிப்பறைக் கதவைத் திறந்து பாருங்கள். உள்ளே துடைப்பமும் உடைந்த நாற்காலிகளும் இருந்தால் அந்த நிறுவனத்தைப் பற்றி வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை. சக்கர நாற்காலி திரும்ப 150 செ.மீ. வட்டம் வேண்டும், ஒரு டேப்பைக் கொண்டுபோனால் அளந்துவிடலாம்.

கட்டடத்தை உடனே மாற்ற முடியாவிட்டாலும் வகுப்பை மாற்ற முடியும். மூன்றாம் மாடியில் நடக்கும் பாடத்தைத் தரைத்தளத்துக்குக் கொண்டுவருவது நேர அட்டவணைப் பிரிவில் ஒரு போன் வேலை. 1962இல் எட் ராபர்ட்ஸ் என்ற மாணவர் பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர், தூங்குவதற்கு 'இரும்பு நுரையீரல்' என்ற பெரிய சுவாச இயந்திரம் வேண்டும். அதைத் தாங்கும் விடுதி அறை எதுவும் இல்லை. கடைசியில் வளாக மருத்துவமனையின் ஒரு பகுதியே அவருக்கு விடுதியானது. பின்னால் அவரைப் போன்ற மாணவர்கள் அங்கே சேரச் சேர, அவர்களே முன்னின்று 1970இல் மாணவர் உதவித் திட்டம் ஒன்றைத் தொடங்க வைத்தார்கள். இன்றைய மையங்கள் பலவற்றுக்கு அது முன்மாதிரி.

எனக்கு மனநலப் பிரச்சினை. சில வாரம் நன்றாக இருப்பேன், சில வாரம் படுக்கையை விட்டு எழ முடியாது. இதற்கு என்ன ஏற்பாடு?

இப்படி ஏறி இறங்கும் நிலைமைகளுக்கு ஏற்பாடு செய்வதுதான் சிரமம், நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். வருகைப்பதிவில் தளர்வு, ஒப்படைப்புக்குக் கூடுதல் நாட்கள், பாடங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு படிப்பை நீட்டிப்பது, வகுப்பு ஒலிப்பதிவு, பருவ விடுப்பு என்று வழிகள் உண்டு. நன்றாக இருக்கும் வாரத்தில் உட்கார்ந்து, மோசமான வாரத்துக்கான திட்டத்தை எழுதி வைப்பது நல்லது. யாருக்கு ஒரு வரி மெயில் அனுப்பினால் போதும், எத்தனை நாள் கூடுதலாகக் கிடைக்கும் என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். எழ முடியாத நாளில் காரணம் விளக்கி நீளமாகக் கடிதம் எழுத யாராலும் முடியாது.

கூடுதல் நாட்களில் ஒரு சிக்கலும் உண்டு. ஐந்து ஒப்படைப்புகளையும் தள்ளிப் போட்டால் ஐந்தும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். இரண்டைத் தள்ளிவிட்டு ஒன்றை மாற்று வடிவில் கேட்பது புத்திசாலித்தனம்.

பல்கலைக்கழகம் எதையாவது மறுக்கலாமா?

மறுக்கலாம். 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, தக்க ஏற்பாட்டை மறுப்பதைப் பாகுபாடு என்றே சொல்கிறது. அதோடு, அளவுக்கு மீறிய சுமையாக இருக்கக் கூடாது என்ற வரம்பையும் வைக்கிறது. படிப்பின் அடிப்படையையே மாற்றும் கோரிக்கையும் ஏற்கப்படாது. பேச்சுத் திறனையே சோதிக்கும் மொழித் தேர்வில் பேசும் பகுதியை நீக்கச் சொல்வது கஷ்டம். வரலாற்றுத் தேர்வில் வாய்மொழிக்குப் பதில் எழுத்தில் பதில் தருகிறேன் என்பது வேறு விஷயம், அங்கே சோதிப்பது வரலாற்றை.

செய்முறை வகுப்புகளில் இந்தக் கோடு அடிக்கடி உரசும். பார்வையற்ற மாணவர் குடுவையைத் தானே பிடித்துத்தான் வேதியியல் கற்க வேண்டுமா? உதவியாளரிடம் ஒவ்வொரு படியையும் சொல்லிச் செய்ய வைத்தால், முடிவெடுப்பது மாணவர்தான். பல துறைகள் ஏற்கின்றன. ஏற்காத துறையிடம், இந்த வகுப்பில் எதைச் சோதிக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் எழுத உட்காரும்போதே பலர் இறங்கி வந்துவிடுவார்கள்.

கடிதம் கொடுத்த பிறகும் ஆசிரியர் தர மறுக்கிறார். என்ன செய்வது?

அவரோடு நீங்கள் மல்லுக்கட்ட வேண்டாம். அன்றைக்கே மையத்துக்கு மெயில் அனுப்புங்கள்: தேதி, பாடம், என்ன கேட்டீர்கள், என்ன சொன்னார். வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டு இருக்காதீர்கள். பெரும்பாலும் அது தெரியாமை, எங்கள் ஒரு போனில் தீரும். தீராவிட்டால் துறைத் தலைவர், குறைதீர் குழு, அப்புறம் அரசு அமைப்பு என்று படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் கேட்கப்போவது அந்த மெயில்களைத்தான்.

நான் அம்மா. என் மகனுக்காக நானே வந்து பேசலாமா?

வாருங்கள், முதல் தடவை கூட உட்காருங்கள். கேள்வியை நாங்கள் மகனிடம்தான் கேட்போம், தப்பாக நினைக்காதீர்கள். 18 வயது ஆனவரின் விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் பெற்றோரிடம்கூடப் பேச முடியாத இடங்கள் பல. மகன் பதில் தேடும் அந்த அரை நிமிடம் நீங்கள் வாய் திறக்காமல் இருந்தால் பெரிய உதவி.

நான் ஆசிரியர். மையம் சொல்வதைத் தாண்டி என்ன செய்யலாம்?

பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள். எழுதி முடித்துவிட்டுத் திரும்பிப் பேசுங்கள், உதடு பார்க்கிறவருக்கு உங்கள் முதுகு ஒன்றும் சொல்லாது. "இதையும் அதையும் கூட்டினால் இது வரும்" என்று விரல் நீட்டாமல், எதை எதோடு கூட்டுகிறீர்கள் என்று வாயால் சொல்லுங்கள். ஸ்லைடுகளை முந்தைய நாளே அனுப்பி வையுங்கள். வகுப்பு நடுவில் "கண் தெரியாதவர் இருக்கிறார், அதனால் மெதுவாகப் போகிறேன்" என்று மட்டும் அறிவிக்காதீர்கள். எனக்கு அது நடந்திருக்கிறது. அறுபது பேர் திரும்பிப் பார்த்தார்கள் என்று பக்கத்தில் இருந்தவன் சொன்னான்.